தமிழ் சினிமாவைக் காகிதத்தில் தேடுவது எப்படி? புதிய ஆய்வாளருக்கு ஒரு வழிகாட்டி

1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைக்காது. அதற்கும் முன்னால் ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப் படமான 'கீசக வதம்' பிரதியும் இல்லை. மௌனப் படக் காலத்தில் தென்னிந்தியாவில் எடுத்தவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. 1930களின் பேசும் படங்களில் தப்பியவை கொஞ்சம்தான். அன்றைய படங்கள் பதிவான நைட்ரேட் பிலிம் தீப்பற்றக்கூடியது, வெயிலிலும் ஈரத்திலும் பொடிந்துபோவது. ஓடி முடித்த பிரதியைச் செலவு செய்து காப்பாற்றத் தயாரிப்பாளருக்குக் காரணமும் இருக்கவில்லை.

ஆனால் படத்தைச் சுற்றி ஏராளமான காகிதம் உருவானது. பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், தினசரி விளம்பரம், விமர்சனம், சென்சார் கடிதம், கொட்டகை உரிமம், வழக்குத் தீர்ப்பு, ரசிகர் கேள்வி–பதில் என்று அது பல வகை. சினிமா ஆய்வு பெரும்பாலும் இந்தக் காகிதத்தில்தான் நடக்கிறது. புதிதாக வருபவர்கள் 'சினிமா பற்றிய நூல்கள் எங்கே இருக்கும்?' என்று கேட்டுத் தொடங்குகிறார்கள். 'இந்தக் காகிதத்தை யார், எதற்காக உருவாக்கினார்கள்? பிறகு யார், எதற்காக வைத்துக்கொண்டார்கள்?' என்று கேட்டால் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

டிக்கெட் விற்பதற்காகத் தயாரிப்பாளர் அச்சிட்டதை அரசாங்கம் பாதுகாக்கவில்லை, சேகரிப்பாளர்கள் பாதுகாத்தார்கள். கட்டுப்படுத்துவதற்காக அரசாங்கம் எழுதியதைச் சேகரிப்பாளர்கள் பார்த்ததே இல்லை. அது அரசு ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறது. வழக்கு நடந்திருந்தால் நீதிமன்றம் வைத்திருக்கும். 1933இல் எடுக்கப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா' என்ற மலையாள மௌனப் படம் பிழைத்ததே இப்படித்தான். நாவலின் பதிப்பாளர் தொடுத்த பதிப்புரிமை வழக்கில் பிரதி பறிமுதலானது. கொட்டகைகளில் ஓடித் தேயாமல் கிடந்த அந்தப் பிரதி பின்னாளில் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

'தமிழ் சினிமாவும் அரசியலும்' என்று சொல்லிக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குள் போனால் அங்கிருக்கும் ஊழியரால் உங்களுக்கு உதவ முடியாது. காப்பகங்கள் பொருள்வாரியாக அடுக்கப்படுவதில்லை. துறை, ஆண்டு, எண் என்றுதான் அடுக்கப்பட்டிருக்கும். ஆகவே கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: காலம், இடம், செயல். '1950களில் கோவை மாவட்டத்தில் டூரிங் டாக்கீஸ்களுக்கு உரிமம் எப்படிக் கொடுத்தார்கள்?' என்று கேட்டால் தடம் உடனே தெரிகிறது. 1955ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். எனவே பார்க்க வேண்டியவை மாவட்ட நிர்வாகத்தின் கோப்புகளும், மேல்முறையீடு போயிருந்தால் தலைமைச் செயலகத்தின் அரசாணைகளும்.

வீட்டிலிருந்தே முடிக்க வேண்டிய வேலை

காப்பகத்தில் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அருமையானது. அங்கே உட்கார்ந்து படத்தின் ஆண்டைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள் போடுங்கள். பெயர், அதன் எழுத்து வேறுபாடுகள், வெளியான தேதி, தயாரிப்பு நிறுவனம், ஸ்டூடியோ, இயக்குநர், விநியோகஸ்தர், படத்தின் நீளம் ஆகியவை அதில் இருக்கட்டும். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். இந்த எதிர்ப்பத்தியை விட்டுவிடுபவர்கள்தான் ஆறு மாதம் கழித்து இரண்டு தேதிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தொடக்கப் பட்டியலுக்கு 2004இல் வெளிவந்த பிலிம் நியூஸ் ஆனந்தனின் தமிழ்த் திரைப்பட வரலாற்று நூலை விட்டால் வேறு வழியில்லை. தமிழ்ப் படங்களை ஆண்டுவாரியாகத் தொகுத்த பெரும் உழைப்பு அது. அகில இந்தியப் பின்னணிக்கு ஆஷிஷ் ராஜாத்யக்ஷாவும் பால் வில்லமனும் தொகுத்த இந்திய சினிமா கலைக்களஞ்சியம் உதவும். 1999 திருத்திய பதிப்பைப் பாருங்கள். இரண்டையும் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ளுங்கள். 'கீசக வதம்' வெளியான ஆண்டே 1916, 1917, 1918 என்று நூலுக்கு நூல் மாறுகிறது. ஒரு நூலைப் பார்த்து இன்னொரு நூல் எழுதுவதால், பத்து நூல்கள் ஒரே ஆண்டைச் சொன்னாலும் அது ஒரே சாட்சியாக இருக்கக்கூடும்.

பெயர்கள் இன்னொரு கண்ணி. 'பவளக்கொடி' 1934இலும் உண்டு, 1949இலும் உண்டு. 'சம்பூர்ண ராமாயணம்' 1936இல் தெலுங்கிலும் 1958இல் தமிழிலும் வந்தது. ஆண்டு இல்லாமல் படப்பெயரை மட்டும் குறித்துக்கொண்ட அட்டை பயன்படாது.

பழைய பத்திரிகைகளில் தமிழ் ஆண்டு மட்டும் போட்டிருப்பார்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரபவ முதலாவது. 1927 சித்திரையில் ஒரு பிரபவ பிறந்தது. ஆகவே அந்தச் சுற்றில் ஆண்டின் வரிசை எண்ணோடு 1926ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பிரமாதி பதின்மூன்றாவது, எனவே 1939. ஆனால் பிரமாதி ஆண்டு தை மாத இதழ் 1939 அல்ல, 1940 ஜனவரியில் வந்தது. தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஒன்று கூட்ட வேண்டும். மார்கழி பாதியிலேயே ஆங்கிலப் புத்தாண்டு பிறந்துவிடுவதால் அந்த மாதத்தில் நாளையும் பார்க்க வேண்டும். பொங்கல் வெளியீடுகள் ஓராண்டு முன்னால் தள்ளிப் பதிவாவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எங்கே என்ன இருக்கிறது

சென்னைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்குவது நல்லது. செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், சினிமா இதழ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கித் தமிழ்நாட்டிலேயே நிலைக்க வழிசெய்ய, 1994இல் நூலகம் உருவானது. வெகுஜனப் பண்பாட்டைப் படிப்பவருக்கு இதற்கு ஈடான இடம் தமிழுலகில் இல்லை. இங்கே தேடும்போது 'சினிமா' என்ற தலைப்போடு நின்றுவிடாதீர்கள். 1930களின் படப் பாட்டுப் புத்தகங்கள் பல அட்டவணைகளில் இசை, நாடகம், பாடல்கள் என்ற தலைப்புகளின் கீழும் இருக்கும். அன்றைக்கு அவை அப்படித்தான் கருதப்பட்டன. டாக்கி, பேசும் படம், பயாஸ்கோப், சலனப்படம், படக்காட்சி என்று அக்காலச் சொற்களையும் போட்டுப் பாருங்கள்.

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909இல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸாகத் தொடங்கியது. சென்சார், தடை, உரிமம், வரி தொடர்பான அரசாணைகள் இங்கே. தொடக்கக்கால சினிமாவுக்கு இங்குள்ள இரண்டு தொடர்கள் மிக முக்கியம். ஒன்று, பிரிட்டிஷ் அரசு சுதேசிப் பத்திரிகைகளைக் கண்காணித்து ஆங்கிலத்தில் சுருக்கி வைத்த வாராந்திர அறிக்கைகள். இன்று ஒரு பிரதிகூடக் கிடைக்காத பத்திரிகையின் கருத்து அந்தச் சுருக்கத்தில் இருக்கும். ஆனால் அரசுக்கு எது கவலை தந்ததோ அதுதான் அதில் ஏறியது என்பதை மறக்காமல் படியுங்கள்.

இன்னொன்று, 1867ஆம் ஆண்டு அச்சகப் பதிவுச் சட்டத்தால் பிறந்த காலாண்டு நூற்பட்டியல். மாகாணத்தில் பதிவான ஒவ்வொரு அச்சுக்கும் பெயர், ஆசிரியர், அச்சகம், வெளியிட்ட நாள், பக்கம், அளவு, பிரதிகளின் எண்ணிக்கை, விலை ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். பாட்டுப் புத்தகம் பதிவுக்கு வந்திருந்தால் அதை எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடும். வசூல் கணக்கு எதுவும் மிஞ்சாத காலத்தில் ஒரு படத்தின் வீச்சை அளக்க இதைவிட நேரடியான எண் கிடைப்பது கடினம். இந்தப் பட்டியலைப் புரட்டப் பொறுமை வேண்டும். அந்த உழைப்புக்கு நிச்சயம் பலன் உண்டு.

கன்னிமாரா பொது நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி நாட்டின் எல்லா வெளியீட்டாளர்களும் பிரதி அனுப்ப வேண்டிய நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. எனவே 1950களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த இதழ்களுக்கு இங்கே முயலலாம். சட்டம் இருந்தாலும் எல்லோரும் அனுப்பிவிடவில்லை. வரிசையில் இடைவெளிகள் இருக்கும். ஒரு நூலகத்தில் இல்லாத இதழ் இன்னொன்றில் இருக்கும் என்பதால், 'பேசும் படம்', 'குண்டூசி', 'பொம்மை' போன்ற சினிமா இதழ்களுக்கு எந்த இடத்தில் எந்த மாதம் உண்டு என்று கட்டம் போட்ட தாள் ஒன்றை நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள்.

படத்தையே பார்க்க வேண்டுமென்றால் புனே. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் நிறுவப்பட்டு, பி. கே. நாயரின் உழைப்பால் வளர்ந்தது. 2022 முதல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பகுதியாக இயங்குகிறது. முன்கூட்டியே எழுதும்போது 'இந்தப் படம் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'பார்வைக்குரிய பிரதி இருக்கிறதா, எந்த வடிவில், எத்தனை ரீல்?' என்று கேளுங்கள். ஒரே ஒரு பாதுகாப்புப் பிரதி மட்டும் இருந்தால் அதை ஓட்டிக் காட்ட மாட்டார்கள். ஒவ்வொரு ஓட்டமும் பிலிமில் கீறல் விழ வைக்கும் என்பதால் அது நியாயமான மறுப்பு. பட்டியலில் பெயரைப் பார்த்த உடனே டிக்கெட் போட்டுவிட்டு ஏமாறுபவர்கள் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள். படம் கிடைக்காவிட்டாலும் அங்கே ஸ்டில்கள், போஸ்டர்கள், பாட்டுப் புத்தகங்கள் உண்டு. அவற்றுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் முதல் நிறுத்தங்கள். பாபுராவ் பட்டேல் நடத்திய 'பிலிம் இந்தியா' இதழ்களும், திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையிலான 1927–28 இந்திய சினிமாட்டோகிராஃப் குழுவின் அறிக்கையும் இன்டர்நெட் ஆர்க்கைவில் படிக்கக் கிடைக்கின்றன. அந்தக் குழுவின் சாட்சியத் தொகுதிகளை முழுதாகப் படியுங்கள். கொட்டகைக்காரர், ஆசிரியர், காவல் அதிகாரி எல்லோரும் கேள்விக்குப் பதில் சொன்னதை அப்படியே பதிந்திருக்கிறார்கள். மௌனப் பட ரசிகர்களைப் பற்றி இவ்வளவு நெருக்கமான பதிவு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இலங்கைத் தமிழ் இதழ்களுக்கு 'நூலகம்' தளம்.

தமிழ்ப் படம் தமிழ்நாட்டிலேயே உருவானது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். சென்னையில் 1934இல் ஸ்ரீனிவாசா சினிடோன் வரும்வரை பேசும் படம் எடுக்கப் பம்பாய், கல்கத்தா போன்ற ஊர்களுக்குத்தான் போனார்கள். பிறகும் பலர் போனார்கள். அந்தப் படங்களின் தடம் அந்த ஊர்ப் பத்திரிகைகளிலும் இருக்கும். 'சதிலீலாவதி', 'சகுந்தலை', 'மீரா' படங்களை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்காவுக்குத் திரும்பியதால் அவருடைய தொகுப்பு மேற்கு வர்ஜீனியா மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆள் எங்கே போய்ச் சேர்ந்தாரோ, காகிதமும் அங்கே போயிருக்கும்.

தேடுபெட்டியில் தட்டும்போது

தமிழில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் 'இல்லை' என்று முடிவு செய்ய வேண்டாம். 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக உள்ளிடலாம், ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; கணினிக்கு இரண்டும் வேறு. ஆகவே 'ஸ்ரீவள்ளி'யைத் தேடும்போது 'வள்ளி' என்று மட்டும் தட்டுவது பாதுகாப்பு. கிரந்த எழுத்தோடும் இல்லாமலும் தேடுங்கள். தலைப்பெழுத்துகளை விட்டுவிடுங்கள், 'எம்.கே.' என்பதற்கு இடையில் புள்ளியா, இடைவெளியா என்பது பதிவருக்குப் பதிவர் மாறும். ஆங்கிலத்தில் பதிந்த அட்டவணைகளில் ழகரம் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கும் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

வருடப்பட்ட (ஸ்கேன் செய்த) பழைய இதழ்களில் எழுத்துத் தேடல் இன்னும் மோசமாகத் தவறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களை எழுத்துணரி மென்பொருள் தவறாகவே படிக்கும். ஐகாரமும் அந்த ஆகாரங்களும் வராத ஒரு துண்டைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி.

படிப்பறையில் முதல் நாள்

அடையாள அட்டை, அதன் நகல், கல்வி நிறுவனத்திலிருந்தோ வழிகாட்டியிடமிருந்தோ ஓர் அறிமுகக் கடிதம், பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கடிதத்தில் தலைப்பையும் கால எல்லையையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். '1930–1950' என்று கடிதத்தில் இருந்தால் 1955 கோப்பைக் கேட்கும்போது மறுபடி அனுமதி தேவைப்படலாம். எனவே எல்லையை இருபுறமும் சில ஆண்டுகள் தாராளமாகவே வையுங்கள். பேனாவை உள்ளே விட மாட்டார்கள் என்று எண்ணி இரண்டு பென்சில்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசாணையைக் கேட்க நான்கு விவரங்கள் வேண்டும்: எண், அதன் வகைக் குறி (எம்.எஸ்., ஆர்.டி. போன்றவை), துறை, தேதி. எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு துறைக்கும் தனி வரிசை. ஆகவே எண்ணை மட்டும் எழுதிய சீட்டு திரும்பி வரும். எண் தெரியாவிட்டால் அந்தத் துறையின் ஆண்டு இன்டெக்ஸ் தொகுதியைக் கேட்டு வாங்கி, சினிமா, நாடகம், கொட்டகை, தணிக்கை, பத்திரிகை, கேளிக்கை வரி என்று எல்லாத் தலைப்புகளையும் பாருங்கள். ஒரு தடை உத்தரவு சினிமாவின் கீழ் இல்லாமல் சட்டம்–ஒழுங்கின் கீழ் பதிவாகியிருக்கும். கோப்பு வர அரை நாள் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். காத்திருக்கும் நேரத்தில் அடுத்த இன்டெக்ஸைப் புரட்டி அடுத்த சீட்டுகளைத் தயார் செய்யுங்கள். 'கோப்பு இல்லை' என்று பதில் வந்தால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஆய்வுத் தகவல்தான்.

காகிதத்தைத் தொடக் கையுறை வேண்டியதில்லை. கழுவி நன்றாக உலர்ந்த கையே மேல். துணி உறை போட்டால் விரலுக்குத் தாளின் முனை தெரியாமல் கிழிந்துவிடும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் உறை அவசியம், ஏனென்றால் விரல் பிசுக்கு ரசாயனப் பூச்சில் பதிந்துவிடும். முதுகு இறுகிய பைண்டு வால்யூமை மேசையில் தட்டையாக அமுக்கித் திறக்கவே கூடாது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

கிடைத்ததைப் படிப்பது

பாட்டுப் புத்தகம். நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர்கள், கதைச் சுருக்கம், பாடல்கள், விளம்பரங்கள் எல்லாம் சில தாள்களில் அடங்கியிருக்கும். 1930களில் பாட்டுக்கு ராகமும் தாளமும் போட்டிருப்பார்கள். கதை பாதியில் நின்று 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும்; ஆகவே முடிவு என்ன என்பதற்கு இது ஆதாரமாகாது. புத்தகம் படம் வெளியாவதற்கு முன்பே அச்சானது. இதில் இருக்கும் பாட்டு படத்தில் வெட்டப்பட்டிருக்கலாம், இதில் இல்லாதது பிறகு சேர்க்கப்பட்டிருக்கலாம். 'படத்தில் பதினெட்டுப் பாடல்கள்' என்று எழுதாமல் 'பாட்டுப் புத்தகத்தில் பதினெட்டுப் பாடல்கள்' என்று எழுதுங்கள்.

அட்டை போன புத்தகத்தின் காலத்தை உள்ளிருக்கும் சின்னச் சான்றுகளால் கணிக்கலாம். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். விலாசத்தில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். 'சென்னை–17' என்று சிறு எண் மட்டும் இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பழக்கத்தால் பின்னரும் அப்படி அச்சிட்டார்கள், ஆகவே இது துணைச் சான்று மட்டுமே. மாநிலத்தின் பெயர் அதிகாரபூர்வமாகத் தமிழ்நாடு ஆனது 1969இல்.

தினசரி விளம்பரம். வெளியீட்டுத் தேதிக்கு 'இன்று முதல்' என்ற விளம்பரம் மட்டுமே சான்று. 'விரைவில்', 'வெள்ளிக்கிழமை முதல்' என்பவை வாக்குறுதிகள், பல முறை தள்ளிப்போனவை. மறுநாள் பத்திரிகையிலும் அதே படம் ஓடுவதாக இருக்கிறதா என்று பாருங்கள். சென்னைத் தேதியை மதுரைக்குப் பொருத்தாதீர்கள். பிரதிகள் குறைவு என்பதால் ஓர் ஊரில் ஓடி முடித்த பிரதிதான் அடுத்த ஊருக்குப் போனது. எந்தக் கொட்டகையில் எந்த வாரம் என்று வரிசைப்படுத்தினால் படப்பெட்டி பயணம் செய்த பாதையே கிடைத்துவிடும். 'நூறாவது நாள்' என்ற அறிவிப்பு விளம்பரதாரரின் கூற்று. அன்றாடப் பட்டியலில் எண்ணிப் பார்த்த பிறகே நம்புங்கள்.

வார, மாத இதழ்கள். பைண்டு செய்யும்போது பலர் அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் பிய்த்துவிட்டார்கள், தடிமன் குறையட்டும் என்று. வெகுஜனப் பண்பாட்டைப் படிப்பவருக்கு அவைதான் உயிர். பக்க எண் தொடர்ச்சியைச் சரிபார்த்து விடுபட்டதைக் குறியுங்கள். தீபாவளி மலர்கள் வழக்கமான தொகுதிக்குள் இல்லாமல் தனியாக அடுக்கப்பட்டிருக்கும், தனியாகக் கேளுங்கள். வானொலி நிகழ்ச்சிகளுக்கு அகில இந்திய வானொலியின் 'வானொலி' இதழ் உதவும். சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின.

சென்சார் நீளம். பட்டியலில் 13,500 அடி என்றிருந்தால் எவ்வளவு நேரம்? 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டகம், பேசும் படம் நொடிக்கு 24 சட்டகம். ஆக நிமிடத்துக்கு 90 அடி. 13,500ஐ 90ஆல் வகுத்தால் 150 நிமிடம். மீட்டரில் இருந்தால் 27.4ஆல் வகுங்கள். நீங்கள் பார்த்த வீடியோ 120 நிமிடம்தான் என்றால் அரை மணி நேரம் எங்கோ தொலைந்திருக்கிறது. உங்கள் கட்டுரையில் அதைச் சொல்லியாக வேண்டும். மௌனப் படத்துக்கு இந்த வகுத்தல் ஒத்துவராது, ஏனென்றால் ஓட்டும் வேகம் ஒரே சீராக இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் படங்களுக்கு 11,000 அடி உச்சவரம்பு விதித்தார்கள். அந்த ஆண்டுகளில் படங்கள் சட்டென்று இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியதற்கு ரசனை மாற்றம் என்று விளக்கம் தேடப் போகாதீர்கள்.

இசைத்தட்டு. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். பட்டியல் எண்ணோடு, தட்டின் நடுவில் லேபிளை ஒட்டித் தட்டிலேயே பொறித்த எண்ணையும் குறியுங்கள். மறுவெளியீட்டில் முதல் எண் மாறும், பொறித்த எண் அந்த ஒலிப்பதிவோடு நிற்கும். தட்டுக்காகத் தனியே பாடிய வடிவமும் படத்தில் உள்ள வடிவமும் ஒன்றென்று கேட்காமல் எழுத வேண்டாம்.

வழக்குகள். 1944இல் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, லண்டன் பிரிவி கவுன்சில்வரை மேல்முறையீடு போய், 1947இல் விடுதலையானார்கள். இதைப் பற்றிக் கேள்விப்படுவதில் பாதி வதந்தி. சட்ட இதழ்களில் அச்சான தீர்ப்புகளைச் சட்டக் கல்லூரி நூலகங்களில் படிக்கலாம். அங்கிருந்து தொடங்கி, அதற்குப் பிறகு பத்திரிகைச் செய்திகளுக்குப் போங்கள்.

பழகிக்கொள்ள ஒரு பயிற்சி

'தியாகபூமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கே. சுப்ரமணியம் இயக்கி 1939இல் வந்த படம். கல்கியின் கதை படத்தின் ஸ்டில்களோடு ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பிறகு பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடைசெய்தது. முதலில் விகடன் தொடரை வாரம் வாரமாகப் பார்த்து எந்த இதழில் எந்த ஸ்டில் என்று பட்டியலிடுங்கள். அடுத்து அதே வாரங்களின் தினசரி விளம்பரங்கள். மூன்றாவது, பாட்டுப் புத்தகம். நான்காவது, தடை பற்றிய அரசு ஆவணம். 1939, 1940 இன்டெக்ஸ்களில் தேடுங்கள். கடைசியாகப் படம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். படத்தை முதலில் பார்த்துவிட்டால் காகிதத்தில் அதற்கு மாறாக இருப்பது கண்ணில் படாது. ஐந்தையும் அருகருகே வைத்தால், மேடையில் ஆண்டுக்கணக்காகச் சொல்லப்படும் தடைக் கதையில் எது ஆவணத்தில் நிற்கிறது, எது நிற்கவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

படம் எடுப்பதும் பெயர் வைப்பதும்

அனுமதி பெற்றே கேமராவை எடுங்கள், ஃபிளாஷ் கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் முதல் சட்டகம் கோரிக்கைச் சீட்டாக இருக்கட்டும். அடுத்தது அட்டை, அச்சக விவரம் உள்ள பக்கம், அதன் பிறகே உங்களுக்கு வேண்டிய பக்கம். ஓரமாக ஓர் அளவுகோலை வைத்தால் நோட்டீஸின் அளவு பின்னால் தெரியும். கட்டுரைப் பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்துவிட்டு, வீட்டில் எந்த இதழ், எந்தப் பக்கம் என்று திகைப்பதுதான் புதியவர்களுக்கு அதிகம் நேர்வது. அன்றிரவே கோப்புகளுக்கு 'நிறுவனம்–இதழ்–ஆண்டு–மாதம்–பக்கம்' என்று பெயர் மாற்றி, வேறோர் இடத்திலும் ஒரு நகல் வையுங்கள்.

இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1960இல் வந்த படம் 2020 முடிவோடு பொதுவுடைமை. பாட்டெழுதியவரின் உரிமை தனி. அது அவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் நீடிக்கும். தனிப்பட்ட ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் காப்பகத்தில் எடுத்த படத்தை நூலில் அச்சிடுவதற்குக் காப்பகத்தின் எழுத்து அனுமதியும் வேண்டும். உரிமை காலாவதியாகியிருந்தாலும் அவர்களுடைய நிபந்தனையில் நீங்கள் கையெழுத்திட்டிருப்பீர்கள்.

வீட்டுப் பரணில் இருப்பது

தேடத் தொடங்கியதும் உறவினர், தெரிந்தவர் வீடுகளிலிருந்து பழைய பாட்டுப் புத்தகமும் பொம்மை இதழும் உங்களிடம் வந்து சேரும். செலோடேப் ஒட்ட வேண்டாம். பசை பழுத்துத் தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. துருப்பிடித்த பின்னை இழுக்காமல் வளைத்து நிமிர்த்தி எடுங்கள். அமிலமற்ற உறை கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாளில் சுற்றி, நெல்லும் பருப்பும் இல்லாத அறையில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். யாருடையது, எந்த ஊர், எப்படி வந்தது என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். நூலகத்துக்குக் கொடுக்கும்போது பொருட்பட்டியலோடு கொடுத்து, ஒப்புதல் கடிதம் வாங்கி, 'இன்னாரின் தொகுப்பு' என்று பிரிக்காமல் பதியச் சொல்லுங்கள். ஒரே வீட்டில் சேர்ந்த காகிதங்கள் ஒன்றாக இருந்தால்தான், அந்த வீட்டில் இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள், என்ன பாடினார்கள் என்று அடுத்து வருபவரால் படிக்க முடியும்.